தியெப்போலோவின் அச்சோவியங்களில் மந்திரமும் மரணமும்

வெனிஸ் ஓவியர் ஜியாம்பத்தீஸ்தா தியெப்போலோ (1696–1770) அரண்மனைகளின் விதானங்களில் ஒளி பொங்கும் வானங்களைத் தீட்டிப் புகழ்பெற்றவர். ஆனால் அவருடைய சிறிய செப்புத்தகட்டு அச்சோவியங்களில் சூனியக்காரர்களும் மண்டையோடுகளும் பாம்புகளும் நிறைந்திருக்கின்றன. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் ஒற்றியெடுக்கும் முறை இது.

இத்தகைய காட்சிகளுக்கு முன்னோடிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவின் காஸ்திலியோனே மந்திரக்காரி சிர்சேயையும் பாழடைந்த கல்லறைகளையும் வரைந்தார். சால்வத்தோர் ரோசா சூனியக்காரிகளை வரைந்தார். காஸ்திலியோனே, ரெம்பிராண்ட் ஆகியோரின் அச்சுகளை வெனிஸில் ஆர்வத்துடன் சேகரித்தவர் அந்தோன் மரியா சனெத்தி. தியெப்போலோவின் ‘காப்ரிச்சி’ என்ற 10 படங்களை 1743இல் வெளியிட்டவரும் அவரே. அவற்றுள் ஒன்றில் எலும்புருவான மரணம் தரையில் அமர்ந்து புத்தகம் வாசிக்க, சுற்றிலும் மக்கள் கூடி நிற்கிறார்கள். மிரண்டு ஓடுபவர் எவருமில்லை.

அடுத்து வந்த ‘ஸ்கெர்ட்ஸி தி ஃபாந்தஸீயா’ தொகுதியில் 23 படங்கள். தலைப்பாகை அணிந்த தாடிக் கிழவர்கள் பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள், நெருப்பில் பாம்பு எரிகிறது, காலடியில் எலும்புகள், அருகே ஆந்தைகள். சடங்கு எதற்காக என்பதைத் தியெப்போலோ எங்கும் விளக்குவதில்லை. விட்டுவிட்டு ஓடும் மெல்லிய கோடுகளுக்கிடையே தாளின் வெண்மையே வெயிலாகிறது. மாந்திரீகத்தை நள்ளிரவிலிருந்து பட்டப்பகலுக்குக் கொண்டுவந்ததே இப்படங்களின் தனிச்சிறப்பு.

அதே காலத்தில் வட இத்தாலிய அறிஞர்களிடையே மந்திரம் குறித்துப் பெரும் வாதம் மூண்டது. சூனியக்காரிகளின் இரவுக் கூட்டம் வெறும் கற்பனை என்று 1749இல் தார்த்தரோத்தி எழுதினார். ஆயினும் மந்திரக்கலையை அவர் மறுக்கவில்லை. அதே ஆண்டில் ஷிப்பியோனே மாஃபெய் அதையும் சேர்த்து மறுத்தார். மாஃபெயின் வெரோனா வரலாற்று நூலுக்கு முன்பே படங்கள் வரைந்து கொடுத்தவர் தியெப்போலோ. எனினும் அச்சோவியங்களை இவ்வாதத்தின் விளக்கப்படங்களாகச் சுருக்குவது பொருந்தாது. அவை எந்தத் தரப்பையும் எடுத்துரைக்கவில்லை.

இத்தகைய கற்பனைகளை வரைந்தவர் தியெப்போலோ மட்டுமல்லர். அச்சோவியர் பிரானேசியும் 1740களின் இறுதியில் ‘குரோத்தெஸ்கி’ என்ற நான்கு தகடுகளில் எலும்பையும் இடிபாட்டையும் பின்னினார்.

ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸின் அழைப்பில் 1762இல் மாட்ரிட் சென்ற தியெப்போலோ அங்கேயே இறந்தார். ‘ஸ்கெர்ட்ஸி’யை அவருக்குப் பின் மகன் ஜியாந்தொமேனிகோ வெளியிட்டார். அதே மாட்ரிட்டில் 1799இல் ஸ்பானிய ஓவியர் கோயா 80 படங்கள் கொண்ட ‘லாஸ் காப்ரிச்சோஸ்’ தொகுதியை வெளியிட்டபோது, கோடுகளோடு நிழல்தொனிகளையும் தரும் அக்குவாடின்ட் அச்சு முறையால் சூனியக்காரிகளை மீண்டும் இருளுக்குள் கொண்டுசென்றார்.