ஐஸ்பழத் தடிகளால் ஒரு பாலம்: விஞ்ஞான மன்றத்தின் 2003ஆம் ஆண்டு

எமது கல்லூரி விஞ்ஞான மன்றத்தின் கூட்டக் குறிப்பேடுகளைத் தேடுவோருக்கு 1995க்கு முந்திய ஒன்றும் கிடைப்பதில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மக்கள் கையில் எடுத்தது உடுபுடவையும் சான்றிதழ்களும்தான். மன்றத்தின் குறிப்பேடுகள் அலுமாரியோடு போயின. மீளத் திரும்பிய பின் எழுதப்பட்டவற்றிலும் போட்டியின் பெயரும் பெற்ற இடமுமே உண்டு. செய்த விதம் இல்லை. 2003ஆம் ஆண்டுக்கு எதிரே “மாதிரி மரப்பாலம், இரண்டாமிடம்” என ஒரேயொரு வரி. அந்த வரிக்குப் பின்னாலுள்ள வரலாற்றை, அப்பாலத்தைக் கட்டிய ஐவருமாகச் சேர்ந்து இம்மலரில் பதிந்து வைக்கிறோம்.

அவ்வாண்டு க.பொ.த. உயர்தரக் கணிதப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர் மட்டுமே. பக்கத்து அறையில் உயிரியற் பிரிவு நிறைந்திருந்தது. “பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் கணிதம்? டொக்டருக்குப் படிக்கட்டும்” என்பது எங்கள் வீடுகளில் வழமையான பேச்சு. ஐந்து பேருக்காகத் தனி வகுப்பு நடத்துவதா, அயலிலுள்ள ஆண்கள் கல்லூரி வகுப்போடு சேர்த்துவிடுவதா என்ற கதையும் அடிபட்டது. சேர்த்துவிட்டால் எமக்குப் பின்வரும் தங்கைமாருக்கு இக்கல்லூரியில் கணிதப் பிரிவே இராது. அந்த வேளையில்தான் கண்டியில் நடைபெறவிருந்த பாடசாலை மாணவருக்கான விஞ்ஞானப் போட்டியின் சுற்றறிக்கை வந்தது. பௌதிகவியல் ஆசிரியை எங்களிடம் கேட்கவில்லை. ஐவரின் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டார்.

போட்டி விதிகள் சுருக்கமானவை. ஐஸ்பழத் தடியும் பசையும் தவிர வேறெதுவும் பாவிக்கக்கூடாது. இரு மேசைகளுக்கு இடையே 60 செ.மீ. இடைவெளியைப் பாலம் கடக்க வேண்டும். பாலத்தின் நிறை 250 கிராமுக்கு மேற்படக்கூடாது. நடுவில் தொங்கவிடும் சுமையைப் பாலத்தின் நிறையால் வகுத்து வருவதே புள்ளி. ஆகவே பலமாக இருந்தால் மட்டும் போதாது. பாரமற்றதாகவும் இருக்க வேண்டும்.

இணைந்த கணிதத்தில் சட்டப்படல் என்ற பாடம் எங்களுக்குத் தெரியும். றொபேட் போ என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் 1873இல் வெளியிட்ட குறியீட்டைக் கொண்டு தகைப்பு வரிப்படம் வரைந்து, எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்று கண்டுபிடிப்போம். அதுவரை அது பரீட்சைக் கேள்வி மட்டுமே. “கொப்பியிலை கீறின கோலைக் கையிலை பிடிச்சுப் பாருங்கோ, பிள்ளையள்” என்றார் ரீச்சர். நான்கு தடிகளை மூலைகளில் குண்டூசியால் கோத்துச் சதுரமாக்கினோம். விரலால் தள்ளியதும் அது சரிந்தது. மூலைவிட்டமாக ஐந்தாவது தடியைச் சேர்த்ததும் அசைய மறுத்தது. சதுரம் தன் பக்கங்களின் நீளம் மாறாமலே உருமாறும். முக்கோணம் அவ்வாறு மாறாது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570இல் வெளியிட்ட நூலிலுள்ள மரப்பாலங்களும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

பாலத்துக்கு நாங்கள் தெரிவுசெய்தது ஜேம்ஸ் வொறன் 1848இல் காப்புரிமை பெற்ற வடிவம். அதன் முக்கோணங்கள் சமபக்கமானவை. கடையில் கட்டாக வாங்கிய தடிகள் எல்லாமே ஒரே நீளம் என்பதால் ஒன்றையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியபோது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பக்கம் 10 செ.மீ. வந்தது. அடிவரிசையில் ஏழு தடிகள், மேல்வரிசையில் ஆறு, இடையே சாய்வாகப் பதினான்கு. ஒவ்வொரு இடத்திலும் இரட்டைத் தடி. இப்படி இரண்டு பக்கங்கள்.

கல்லூரியின் வாங்கு மேசைகளைத் திருத்த வரும் தச்சு ஆசாரியார் ஒருவர் எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, தடிகளை முதலில் தெரிந்தெடுக்கச் சொன்னார். மரத்தின் இழை நீளவாக்கில் நேராக ஓடும் தடி பாரம் தாங்கும். இழை குறுக்கே ஓடினால் அந்த இடத்திலேயே முறியும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெல்ல வளைத்துப் பார்த்து, மூன்றில் ஒன்றைக் கழித்தோம். பசை காயும்வரை மூட்டுகளை உடுப்புக் காயவிடும் கிளிப்புகளால் இறுக்கி ஒரு இரவு விட்டோம்.

முதற் பாலத்தை உடைப்பதற்கென்றே கட்டினோம். நடுவில் வாளியைத் தொங்கவிட்டுச் சிரட்டையால் மணல் அள்ளிப் போட்டோம். எல்லாருடைய கண்ணும் அடிவரிசையின் நடுவில் இருந்தது. உடைந்ததோ மேல்வரிசை, அது கீழே முறியாமல் பக்கவாட்டில் வில்லாக வளைந்து போயிற்று. இழுவையில் உள்ள மெல்லிய தடி நேராகவே நிற்கும். உதைப்பில் உள்ளதோ நசுங்குவதற்கு முன்பே வளைந்து விலகும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒயிலர் இதைக் கணித்துவிட்டார்: தாங்கலற்ற நீளத்தைப் பாதியாக்கினால் கோல் நான்கு மடங்கு பாரம் தாங்கும். ஆகவே இரண்டாவது பாலத்தில் இரு மேல்வரிசைகளையும் குறுக்குத் தடிகளாலும் பெருக்கல் அடையாளம் போன்ற பிணைப்புகளாலும் இணைத்தோம். ஆய்வுகூடத் தராசில் அது 210 கிராம் நின்றது.

ஏ9 வீதி 2002 ஏப்பிரலில்தான் திறக்கப்பட்டிருந்தது. எங்களில் நால்வருக்கு ஆனையிறவைத் தாண்டியது அதுவே முதற்தடவை. பழைய சேலையில் சுற்றிய பாலத்தைக் கடதாசிப் பெட்டியில் வைத்து, ஆளுக்கு ஆள் மாறி மடியில் வைத்திருந்தோம். முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைக்காகப் பொதிகளை இறக்கித் திறக்க வேண்டியிருந்தது. ஓமந்தையில் சோதித்தவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்து, பாலத்தைத் தொடாமலே மூடித் தந்தார். ஒரு மூட்டும் விடவில்லை.

கண்டியில் அது 44 கிலோகிராம் தாங்கியது. தன் நிறையைப் போல் 200 மடங்குக்கு மேல். பின்பு ஒரே சத்தத்தோடு முறிந்தது. இரண்டாமிடம் கிடைத்தது.

மறுநாள் ரீச்சர் எங்களைப் பேராதனைக்கு அழைத்துச் சென்று மகாவலிக் கரையில் நிறுத்தினார். அங்கே 1833இல் லெப்டினன்ட் கேணல் பிறேசரின் திட்டப்படி முழுவதும் முதிரை மரத்தாலான பாலம் ஒன்று கட்டப்பட்டது. ஆணியோ மரையாணியோ இன்றி, 205 அடி அகலத்தை ஒரே வளைவாகக் கடந்த அப்பாலம் 1905வரை நின்றது. எங்கள் வீட்டு நிலைகளிலும் கதவுகளிலும் நாங்கள் அன்றாடம் கண்ட அதே முதிரை! பின்பு பொறியியற் பீடத்தைக் காட்டினார். அது கொழும்பிலிருந்து அங்கு இடம் மாறியது 1964இல். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண் என்பதை நாங்கள் முதன்முதலில் கேட்டது அந்த வாசலில்தான். எங்களில் இருவர் பின்னர் அதே பீடத்தில் கற்றோம்.

அடுத்த ஆண்டு கணிதப் பிரிவில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். வகுப்பை இணைக்கும் கதை அதன் பின் எழவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. எமக்குப் பின்வந்தோர் பாலங்களைக் கல்லூரி மண்டபத்திலேயே கட்டி, அங்கேயே பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். கண்டிக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. ஆயினும் வகுப்பு நின்றுவிடவில்லை. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே பொறியியற் பீடம் இருக்கிறது; அங்கும் எமது மாணவிகள் கற்கிறார்கள்.

முறிந்த பாலத்தைக் கண்ணாடி அலுமாரியில் வைக்க முடியாது. எஞ்சியிருப்பது தகைப்பு வரிப்படம் கீறிய ஒரு கொப்பி மட்டுமே. அதைக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துள்ளோம். உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளே, உங்கள் காலத்தில் ஆய்வுகூடத்திலோ மேடையிலோ தோட்டத்திலோ நீங்கள் செய்தவற்றை, செய்த விதத்தோடு எழுதி அனுப்புங்கள். அலுமாரிகள் ஒருமுறை போய்விட்டன. பெற்ற பரிசுகளின் பட்டியலைப் பின்னர் யாரும் தொகுக்கலாம். செய்த விதத்தைச் செய்தவர்களால் மட்டுமே எழுத முடியும்.