பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு ஏற்ற தாவரப் புரதங்கள்

ஒரு தாய்ப்பன்றியை மட்டும் வளர்க்கும் குடும்பத்துக்கு, அது ஈனும் குட்டிகளே அடுத்த சில மாதங்களுக்கான வருமானம். அந்தக் குட்டிகளுக்குப் பால் மறக்கச் செய்த முதல் 2 வாரங்கள் ஆபத்தான காலமாகும். பாலுக்குப் பழகிய வயிற்றில் அமிலமும் தாவரப் புரதத்தை உடைக்கும் நொதியங்களும் அப்போது போதியளவு சுரப்பதில்லை. செரிக்காத புரதம் பெருங்குடலில் நோய்க்கிருமிகள் பெருக வழிவகுக்கிறது. வயிற்றோட்டம் தொடங்கினால் குட்டிகள் நீரிழந்து விரைவில் இறக்கக்கூடும்.

வழமையான புரத மூலம் சோயாப் புண்ணாக்கு. அதில் 44 முதல் 48 சதவீதம் புரதம் உண்டு. ஆனால் இலங்கை அதனைப் பெருமளவு இறக்குமதி செய்கிறது. 2022 இல் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது தீவன விலை எவ்வாறு உயர்ந்தது என்பதை வளர்ப்பாளர்கள் அறிவார்கள். அத்துடன், சோயாவிலுள்ள சில புரதங்கள் இளங்குட்டிகளின் குடலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

மாற்றாகக் கௌபீ, பயறு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். இவற்றில் ஏறத்தாழ 24 சதவீதம் புரதம் உள்ளது. எனவே 1 கிலோ சோயாப் புண்ணாக்கின் புரதத்தை ஈடுசெய்ய சுமார் 2 கிலோ தேவைப்படும். குட்டியின் வளர்ச்சிக்கு அவசியமான லைசின் இவற்றில் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் நிலைமை நேர்மாறானது. ஆகவே கௌபீயுடன் எள்ளுப் புண்ணாக்கைச் சிறிதளவு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பச்சைத் தானியத்தில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதால், கௌபீயையும் பயறையும் ஊறவைத்து, நன்கு அவித்தே கொடுக்க வேண்டும்.

தேங்காய்ப் புண்ணாக்கு மலிவானது. ஆனால் அதில் புரதம் 20 சதவீதமளவே. நார் அதிகம், லைசின் குறைவு. வளர்ந்த பன்றிக்கு உதவும் இத்தீவனம் குட்டிக்கு முதன்மைப் புரதமாகாது. கச்சான் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாடொக்சின் நச்சு உருவாகும். அவித்தாலும் அந்த நச்சு நீங்காது. மணம் மாறிய, கட்டிபட்ட புண்ணாக்கைக் குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

இலைகளிலும் கவனம் தேவை. இபில் இபில் இலையிலுள்ள மிமோசின் முடி உதிர்வையும் வளர்ச்சிக் குறைவையும் ஏற்படுத்தும். மரவள்ளி இலையில் சயனைட்டு நச்சு உண்டு. நறுக்கி வெயிலில் உலர்த்தினால் அது பெருமளவு குறையும். எனினும் இவ்விரண்டையும் பால் மறந்த குட்டிகளுக்குத் தவிர்ப்பதே நல்லது.

எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. குட்டிகள் தாயுடன் இருக்கும்போதே, 2 வார வயதிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பிரித்த பின்னர் ஒரு நாளைக்குரிய தீவனத்தைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து, சுத்தமான நீர் எப்போதும் கிடைக்கச் செய்ய வேண்டும். வயிற்றோட்டம் கண்டால் புதிய தீவனத்தை நிறுத்தி, அன்றே கால்நடை வைத்தியரை நாட வேண்டும்.