570 மில்லிலிட்டர்: நுரையீரல் புற்றுநோய் மறுவாழ்வில் உள்மூச்சுத் தசைப் பயிற்சி வந்த வழி

நுரையீரல் அறுவைக்கு முன்னும் பின்னும் உள்மூச்சுத் தசைகளுக்குத் தனியே பயிற்சி தரவேண்டும் என்று வாதிடுவோர் முதலில் கை நீட்டிக் காட்டும் சான்றுகளில் ஒன்று, 1997இல் இஸ்ரேலின் ஹதேரா நகரிலிருந்து பி. வைனரும் சகாக்களும் ‘ஜர்னல் ஆஃப் தொராசிக் அண்ட் கார்டியோவாஸ்குலர் சர்ஜரி’ இதழில் வெளியிட்ட ஆய்வு. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இருந்து, அறுவைக்கும் காத்திருந்த 32 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 17 பேர் ஆழ்மூச்சைத் தூண்டும் ஸ்பைரோமீட்டர் கருவிப் பயிற்சி, தசைப் பயிற்சி இரண்டையும் நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு முறை செய்தார்கள். அறுவைக்கு முன் இரண்டு வாரம், பின் மூன்று மாதம். மற்ற 15 பேர் ஒப்பீட்டுக் குழு. பயிற்சி பெற்றோரின் உள்மூச்சுத் தசை வலுத்தது. முதல் நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவும் கணித்ததைவிடப் பெரிதும் கூடியது. இந்த இரண்டு செய்திகளும் அருகருகே நின்றதால், முதலாவது காரணம், இரண்டாவது விளைவு என்ற வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. அந்த வாசிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குப் பின்னால் ஒரு நேர்கோட்டு வரலாறும் சொல்லப்படுகிறது. 1933இல் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அறுவையில் அகற்றி வெற்றி கண்டார். 1934இல் லண்டன் பிராம்டன் மருத்துவமனையில் வினிஃப்ரெட் லின்டன் நெஞ்சறுவை நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கற்பிக்கத் தொடங்கினார். அந்த விதையே வளர்ந்து இன்றைய தசைப் பயிற்சி ஆயிற்று என்பது அந்தக் கதை. அடுத்தடுத்த இரு ஆண்டுகள் என்பதைத் தவிர இவ்விரு நிகழ்வுகளுக்கும் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிராம்டன் அன்று முதன்மையாகக் காசநோய்க்கும் மூச்சுக்குழல் விரிவு நோய்க்குமான இடம். 1934 என்ற ஆண்டே பின்னாளைய பாடநூல்கள் வழியாகத்தான் நமக்கு வருகிறது; அதைத் தோராயமாகக் கொள்வதே நல்லது. கிரஹாமோ வெற்றிடத்தை மூடுவதற்காக விலா எலும்புகளையும் அகற்றி நெஞ்சுச் சுவரை உள்நோக்கிச் சரியச் செய்தார். சுவாசத் தசையைக் காப்பாற்றும் எண்ணம் அங்கே இல்லை. உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. (பிட்ஸ்பர்க் மருத்துவரான அந்த நோயாளி 1963 வரை வாழ்ந்தார். கிரஹாமோ 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.)

லின்டனுக்கும் முன்பே, 1915இல், போரில் நெஞ்சுக் காயம் பட்ட வீரர்களுக்கான மூச்சுப் பயிற்சியைப் பற்றி மக்மஹோன் ‘லான்செட்’டில் எழுதியிருந்தார். மக்மஹோன், லின்டன், 1973இல் நீண்ட ஆழ்மூச்சைத் தூண்டும் கருவிக்காக வாதிட்ட பார்ட்லெட் ஆகிய மூவருக்கும் நோக்கம் ஒன்றே: சுருங்கிப்போன நுரையீரலை விரியவைப்பது. தசை அவர்களுக்கு வழி; இலக்கு காற்றறைகள்.

தசையையே இலக்காக்கியது வேறொரு மரபு. அது மருத்துவமனைப் படுக்கையருகே பிறக்கவில்லை, உடலியங்கியல் ஆய்வகத்தில் பிறந்தது. 1976இல் லீத், பிராட்லி இருவரும் நலமுள்ள 12 பேரை நால்வர் நால்வராகப் பிரித்தார்கள். ஒரு குழு மூச்சை அடைத்து முழு வலுவோடு இழுத்தும் தள்ளியும் பழகியது. இன்னொன்று களைக்கும் வரை வேகமாக மூச்சுவிட்டுப் பழகியது. மூன்றாவது சும்மா இருந்தது. ஐந்தே வாரத்தில் முதல் குழுவின் தசை வலு 55 சதவீதம் கூடியது. கைகால் தசையைப் போலவே சுவாசத் தசையும் சுமைக்கேற்ப வளரும் என்று அது காட்டியது. 1988இல் லார்சனும் சகாக்களும் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம், உச்ச உள்ளிழுப்பு அழுத்தத்தில் 30 சதவீதச் சுமை பலன் தருகிறது, 15 சதவீதம் தருவதில்லை என்று கண்டார்கள். தசைக்கு அளந்து சுமை வைக்கவேண்டும் என்ற நெறி அங்கிருந்து வந்தது.

1997இல் வைனர் செய்தது இவ்விரு மரபுகளையும் ஒரே ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துக் கட்டியது. முடிச்சு விழுந்த இடம் அதுதான்.

இனி அந்த எண்களைப் பார்ப்போம். அறுவைக்குப்பின் எஞ்சும் அளவைக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரு நுரையீரல்களிலும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்து, எஞ்சும் கூறுகளின் விகிதத்தால் பழைய அளவைப் பெருக்குவது. இத்தகைய எளிய கணிப்பைவிட உண்மை அளவு, ஒப்பீட்டுக் குழுவில் நுரையீரலின் ஒரு மடலை மட்டும் நீக்கியவர்களிடம் சுமார் 70 மில்லிலிட்டரும் முழு நுரையீரல் நீக்கியவர்களிடம் சுமார் 110 மில்லிலிட்டரும் கூடியிருந்தது. நம்பத்தக்க எண்கள். பயிற்சிக் குழுவிலோ அவை 570, 680.

கணக்கு விளங்குவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அறுவைக்கு முன் முதல் நொடியில் அவர் 1,900 மில்லிலிட்டர் ஊதுகிறார். மூன்று கூறுகள் கொண்ட வலது மேல் மடலை எடுத்தால் 16 கூறுகள் எஞ்சும், கணிப்பு 1,600. அதோடு 570ஐச் சேர்த்தால் 2,170. அதாவது, மடலை இழந்தவர் மடல் இருந்தபோது ஊதியதைவிட 270 மில்லிலிட்டர் கூடுதலாக ஊதவேண்டும். வலது நுரையீரல் முழுவதையும் எடுத்தால் கணிப்பு 900. அதோடு 680ஐச் சேர்த்தால் 1,580. தனித்து நின்ற இடது நுரையீரல் தன் பங்கைவிட முக்கால் பங்கு கூடுதலாகத் தரவேண்டும். இழப்பு பெரிதாக இருந்த இடத்தில் ஆதாயமும் பெரிதாக இருப்பது என்னை மேலும் தயங்கவைக்கிறது.

உள்மூச்சுத் தசை இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றே சொல்வேன். மீட் குழுவினர் 1967இல் விளக்கியபடி, வேகமாக ஊதும்போது தொடக்கக் கணம் கடந்ததும் காற்றின் ஓட்டத்தைத் தீர்மானிப்பவை நுரையீரலின் மீள்விசையும் மூச்சுக்குழல்களின் தடையும். ஊதுபவர் மேலும் முக்கினால் ஓட்டம் கூடாது. அப்படியிருக்க, உள்ளே இழுக்கும் தசை வலுத்தால் வெளியே தள்ளும் அளவு அரை லிட்டருக்கு மேல் எப்படி ஏறும்? முழுமையாக மூச்சை நிரப்பிக்கொள்ள அது உதவலாம். அந்த உதவி சிறியது. சி.ஓ.பி.டி. பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கோசெலிங்க் குழு கண்ட பலன்களும் தசை வலு, தாக்குப்பிடிக்கும் திறன், நடை தூரம், மூச்சிரைப்பு ஆகியவற்றில்தான்.

அப்படியானால் அந்த 570 எங்கிருந்து வந்தது? இங்கே என்னிடம் இருப்பது ஊகம். ஆனால் அது வெறும் கையால் முழம் போடுவதல்ல. வைனரின் கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அதே இதழில், ஜோயல் கூப்பர் குழுவினர் 20 நோயாளிகளிடம் உப்பிக் கெட்ட நுரையீரல் பகுதிகளை வெட்டியெடுத்ததால் இதே அளவு 82 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்திருந்தார்கள். வீங்கிய பகுதி போனால் எஞ்சிய பகுதி நன்றாக இயங்கும். வைனரின் நோயாளிகள் எல்லோரும் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள். 17 பேரையும் 15 பேரையும் மடல் நீக்கம், முழு நீக்கம் என்று மறுபடி பிரித்தால் ஒவ்வொரு துணைக்குழுவிலும் ஒரு கைப்பிடி ஆட்களே மிஞ்சுவார்கள். அவர்களில் யாருடைய மடல் உப்பியிருந்தது, யாருடையது நன்றாக இருந்தது என்பது சீட்டுக் குலுக்கலில் சமமாக விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதோடு, நாள்தோறும் ஒரு மணி நேரம் கருவியில் மூச்சு பழகியவர் சோதனையில் நன்றாக ஊதவும் பழகிவிடுவார். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. தசை அல்ல என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன்.

பின்னால் வந்த ஆய்வுகள் முடிச்சை அவிழ்க்க உதவுகின்றன. 2016இல் டென்மார்க்கின் பிரோக்கி குழு, ஆபத்து மிகுந்த 68 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அறுவைக்குப்பின் இரண்டு வாரம் சுமையுள்ள தசைப் பயிற்சி தந்தது. தசை வலுவில் குழுக்களிடையே வேறுபாடு இல்லை. ஆனால் மூன்றாம், நான்காம் நாள்களில் ரத்தத்தின் ஆக்சிஜன் பயிற்சிக் குழுவில் மேலாக இருந்தது. தசை வலுக்காமலே பலன் வந்திருக்கிறது! சுமையோடு ஆழமாக இழுத்தபோது காற்றறைகள் விரிந்தன என்று கொள்வதே இயல்பு. அதாவது லின்டனின் மரபு, லீத்தின் மரபில் வந்த கருவிக்குள் புகுந்து வேலை செய்தது. ஸ்பைரோமீட்டரின் கதை வேறு. 2013இல் பர்மிங்ஹாமில் அகோஸ்டினி குழு 180 பேரிடம் செய்த சோதனையில், கருவியோடு பழகியவர்களுக்கும் கருவியின்றி ஆழ்மூச்சு பழகியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அறுவைக்கு வாய்ப்பில்லாதவர்களின் மூச்சிரைப்புக்கு வந்த வழியையும் இந்தக் கோட்டில் சேர்ப்பது பொருந்தாது. ஜெசிகா கார்னர் முதலிய செவிலியர்கள் 1990களில் இங்கிலாந்தில் வளர்த்த முறையில் கருவியே இல்லை: மூச்சைக் கட்டுப்படுத்தக் கற்பித்தல், பதற்றத்தைக் கேட்டறிந்து ஆற்றுதல். 1999இல் 119 பேரிடம் அது பலன் காட்டியது. 2015இல் 156 பேரிடம் சோதித்தபோது மூன்று அமர்வுகள் ஓர் அமர்வைவிட மேலாக இல்லை. நோயால் களைத்தவரை மூன்று முறை மருத்துவமனைக்கு அலையவைக்காமல் இருக்க அந்த முடிவு உதவும். அதற்காகவே அதை மதிக்கிறேன். அதே 2015இல் மொலாசியோடிஸ் குழு, வீட்டிலேயே 12 வாரம் சுமையோடு மூச்சிழுத்தவர்களின் இரைப்பு தணிந்ததாக ஒரு சிறு ஆய்வில் காட்டியது. நுரையீரல் அளவு உயராமலே இந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுவே.

இந்த வேறுபாடு நம் வார்டுகளையும் தொடும். அறுவை முடிந்தவர் கையில் தரப்படும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரில் 600, 900, 1,200 என்ற எண்கள் இருக்கும். நொடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் காற்று உள்ளே போகிறது என்பதே அதன் பொருள். மூன்றாவது பந்து ஏறினால் வேகமாக இழுத்தார் என்று தெரியும். தசைக்கு எவ்வளவு சுமை விழுந்தது என்று தெரியாது. சுமைக் கருவி வேறு விதம்: சுருள்வில் அடைத்திருக்கும் அதன் வால்வு, வைத்த அழுத்தத்தை எட்டும் வரை திறக்காது. அந்த அழுத்தத்தை வைக்க, நோயாளியின் உச்ச உள்ளிழுப்பு அழுத்தத்தை முதலில் அளந்திருக்க வேண்டும். அளக்காமல் பந்தைத் தூக்கச் சொல்லிவிட்டு நோயாளியின் தாளில் தசைப் பயிற்சி என்று எழுதுவது வைனரின் முடிச்சை மறுபடி போடுவதே.

தேவைப்படுவது மூன்று குழுக்கள் கொண்ட ஓர் ஆய்வு: ஒன்றுக்கு ஸ்பைரோமீட்டர் மட்டும், ஒன்றுக்கு 30 சதவீதச் சுமை, ஒன்றுக்குச் சுமையே வைக்காத அதே கருவி. அகற்றப்படும் மடல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே சி.டி. ஸ்கேனில் அளந்து, அதன்படி குழுக்களைச் சமன் செய்யவேண்டும். அப்படியும் 570 வந்தால் என் வாதத்தைக் கைவிடுவேன்.