பஞ்சபாண்டவர் படுக்கையில் ஓர் உப்பு வணிகன்

மதுரை மாவட்டத்துக் குன்றுகளின் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர் எவரிடமேனும் 'மேலே என்ன இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'பஞ்சபாண்டவர் படுக்கை இருக்கிறது' என்ற விடை பல இடங்களில் கிடைக்கும். நாடிழந்து பன்னீராண்டு காட்டில் அலைந்து, பின்னர் ஓராண்டு எவர் கண்ணிலும் படாமல் வாழ வேண்டியிருந்த அந்த ஐவரும் தம் ஊர் மலையிலேதான் மறைந்திருந்தனர் என்று ஊர் பலவும் நம்புகின்றன. பழனிக்கு அருகே ஒரு மலைக்கு ஐவர்மலை என்றே பெயர். பல்லவர் செதுக்கிய மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளுக்கும் தருமன், வீமன், அருச்சுனன் என்று மக்கள் பெயரிட்டுவிட்டனர். ஆளரவமற்ற குகையொன்றில், வழவழப்பாக இழைக்கப்பட்ட கற்படுக்கைகளைக் கண்டவர்களின் உள்ளத்தில் 'இங்கே படுத்தவர் யார்?' என்ற கேள்வி எழுந்திருக்கும். அவர்கள் அறிந்த கதைகளில், தலைசாய்க்க இடமின்றி மறைந்து திரிந்தவர்கள் பாண்டவர்களே. ஆகவே அக்கதை அக்குகையில் குடியேறிவிட்டது.

குருப்பட்டம் பெற்றுச் சில காலமே ஆகியிருந்த 1996-ஆம் ஆண்டில், அத்தகைய குகையொன்றைத் தேடி நாம் சென்றோம். மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் இடையே கிடாரிப்பட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அழகர்மலையின் ஒரு கிளை அவ்வூர்ப் பக்கம் இறங்கி வருகிறது. அங்கே பழைய எழுத்துகள் உள்ள குகையொன்று உண்டு எனக் கேள்விப்பட்டு, பங்கின் இளைஞர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். கீழிருந்து பார்த்தால் பாறையும் முட்புதரும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தவறான பாதையில் ஏறி, ஒரு மணி நேரம் வெயிலில் அலைந்து, கால்களில் முள் கீறியதுதான் கண்ட பயன். களைத்து இறங்கியபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். நம் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் கைகுவித்தார்.

"என்ன சாமி, பாண்டவங்க எடத்தத் தேடுறீகளா? என் பின்னால வாங்க" என்று முன்னே நடந்தார்.

ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் குகை திடீரென வாய்திறந்தது. ஊருக்கு இத்தனை அருகே இருந்தும் அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த அகன்ற பாறைக் கூடம் அது. பெரியவர் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்தார். நாமும் கழற்றினோம். உள்ளே வெயிலின் சுவடே இல்லை. குளிர்ந்த சுனை ஒன்று இருந்தது. தரைப்பாறையில் வரிசை வரிசையாகப் படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் தலையணைபோல் கல் சற்றே உயர்த்தப்பட்டிருந்தது.

"இந்தா பாருங்க, பெருசா இருக்குல்ல, இது வீமன் படுத்தது" என்று பெரியவர் காட்டினார்.

குருமடத்தில் படித்த படிப்பு நம்மைச் சும்மா இருக்க விடவில்லை. எந்தப் பழைய எழுத்தையும் கண்டால் 'எழுதியவர் யார், எவருக்காக, எந்தச் சூழலில்' என வினவும்படி பழக்கப்பட்டிருந்தோம். "ஐயா, இங்கே தங்கியவர்கள் பாண்டவர்கள் அல்லர், சமணத் துறவிகள். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டவர்கள்" என்று விளக்கத் தொடங்கினோம். அவர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். பின்பு அமைதியாகச் சொன்னார்: "யாரா இருந்தா என்ன சாமி? பெரியவங்க படுத்த எடம். இதுல யாரும் கைவச்சிரக் கூடாதுல்ல."

அன்று அந்த விடையின் பொருள் நமக்கு விளங்கவில்லை. பாமரரின் பிடிவாதம் என்றே எண்ணினோம். அதை உணர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

அக்குகையின் எழுத்துகளைப் படித்தறிந்த வரலாறும் நெடியது. கிடாரிப்பட்டிக்கு அண்மையிலுள்ள மாங்குளம் மலைக்குகைகளில் இத்தகைய கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். எழுத்து அசோகரின் பிராமியை ஒத்திருந்தது. மொழி எதுவென்பதில் அறிஞர் குழம்பினர். இவை தமிழே என்று 1924-இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். வடபுலத்துப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்கென இங்குள்ளோர் தனி எழுத்துகளை அமைத்துக்கொண்டிருந்தனர். ஆனால் புள்ளி என்னும் குறி அப்போது வழக்கில் இல்லை. ஆகவே மெய் எது, உயிர்மெய் எது என்று பிரித்தறிவது கடினமாயிருந்தது. அந்த முடிச்சுகளை 1960-களில் அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே மலைமலையாக ஏறி இறங்கியவர் அவர். மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் உண்டு என அவர் எடுத்துக்காட்டினார். 2003-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 2018-இல் அவர் மறைந்தார்.

அந்நூலில் கிடாரிப்பட்டிக் குகைக்குரிய பக்கங்களைப் படித்தபோது நாம் திகைத்துப் போனோம். மாங்குளத்தில் படுக்கைகளை வெட்டுவித்தோரில் அரசனின் அலுவலனும் உறவினனும் உண்டு. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் உண்டு. ஆனால் நாம் பார்த்த அழகர்மலைக் குகையில் அரசனைக் காணோம். அங்கே பெயர் பொறித்துக்கொண்டவர்கள் உப்பு வணிகன் வியகன், பாணித வணிகன் நெடுமூலன், கொழு வணிகன் இளஞ்சந்தன், அறுவை வணிகன் ஒருவன், 'மதிரை' என அன்று எழுதப்பட்ட மதுரையைச் சேர்ந்த பொன் தொழிலன் ஒருவன் ஆகியோர். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு. கொழு என்பது ஏர்முனையில் செருகும் இரும்பு. அறுவை என்பது துணி. உப்பும் பாகும் இரும்பும் துணியும் விற்றவர்கள், தம் வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு, உடைமை ஏதுமற்ற துறவிகள் படுத்துறங்க இடம் செய்து தந்திருக்கிறார்கள். வீமனின் படுக்கை என்று பெரியவர் காட்டிய குகை, உப்பு விற்றவரின் கொடையையும் தாங்கி நின்ற குகை.

சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர்கள். ஆயினும் மழைக்காலத்தில் நடந்தால் கால்பட்டுச் சிற்றுயிர்கள் மடியும் என்பதால், நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவர். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறைமேல் வழியும் மழைநீர் அக்காடியைத் தாண்டி உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். அதற்குக் கீழேயுள்ள பாறையே எழுத்துப் பொறிக்கும் இடம். நீர்படாத இடமாதலால் ஈராயிரம் ஆண்டுகள் அழியாமல் நின்றது. அதே குகையில் அமர்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர் உருவமும் உண்டு. அதைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் துறவி என வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. படுக்கை வெட்டப்பட்டுச் சுமார் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னரும் அவ்விடம் வழிபாட்டில் இருந்தது என்பது இதனால் புலனாகிறது.

இத்தகைய குகைகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர்களுள் ஒன்று பள்ளி. பள்ளி என்றால் படுக்கை. துறவிகள் படுக்கும் இடம் பள்ளியாயிற்று. அவர்களிடம் பிள்ளைகள் எழுத்துக் கற்க வந்ததால் கற்கும் இடம் பள்ளிக்கூடமாயிற்று என்பர். இசுலாமியர் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்கின்றனர். மலையாளக் கிறித்தவர் தம் ஆலயத்தைப் பள்ளி என்றே அழைக்கின்றனர். நாமோ ஒவ்வொரு நாளும் பங்குப் பள்ளியின் மணியோசை கேட்டு எழுகிறோம். அந்தக் கல்லும் நம் மணியோசையும் ஒரே சொல்லால் கட்டுண்டிருக்கின்றன என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இங்கே நம் குறையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆலயத்துக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் வெளிச்சமே மறையும்படி 'உபயம்' என்று தம் பெயரை எழுதச் செய்வோரைக் கண்டு நாம் நகைத்ததுண்டு. மறையுரையில் இடித்துரைத்ததும் உண்டு. வியகனும் தன் பெயரைப் பொறித்துக்கொண்டவன்தானே? ஆனால் அவன் அதைப் பொறிக்காதிருந்தால், எளிய பொருள் விற்றவர்களும் அறம் செய்தார்கள் என்பதை நாம் எதைக்கொண்டு அறிவோம்? அரசர்களின் கொடையைப் பாடப் புலவர்கள் இருந்தனர். உப்பு வணிகனுக்கு அந்தப் பாறை மட்டுமே இருந்தது. பெயருக்காகக் கொடுப்பது வேறு, கொடுத்தவர் பெயரை மறவாதிருப்பது வேறு என்று இப்போது நாம் மறையுரையில் சற்றே மென்மையாகப் பேசுகிறோம்.

அவ்வாறாயின் நாட்டுப்புறக் கதை செய்தது தவறா? கொடுத்தவர்களையும் படுத்தவர்களையும் மறக்கச் செய்து, எவ்விதத் தொடர்பும் இல்லாத அரசகுமாரர்களுக்கு அவ்விடத்தை எழுதி வைத்தது என்ற அளவில் ஆம், அது தவறே. ஆனால் வணிகர் மறைந்தனர்; துறவிகள் அகன்றனர்; எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாத நூற்றாண்டுகள் வந்தன. அந்த நீண்ட இரவில் 'இது பெரியவங்க படுத்த எடம்' என்று சொல்லிச் செருப்பைக் கழற்ற வைத்தது அந்தக் கதையே. பெயரை அது தொலைத்தது. ஆனால் மதிப்பைக் காத்தது.

அந்தக் காவலும் எப்போதும் போதுமானதாக இல்லை. மேலூர் வட்டாரத்திலேயே கீழவளவில் இன்னொரு பஞ்சபாண்டவர் மலை உண்டு. தொண்டி என்னும் துறைமுகத்து அடியவர் ஒருவர் கொடுத்த பள்ளி அங்கே இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றிலும் கருங்கல்லுக்காகக் குன்றுகள் பல வெட்டிச் சாய்க்கப்பட்டன. அம்முறைகேடுகளை ஆராய 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அமர்த்தும் நிலை வந்தது. 2022-இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர் நிலம் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். மாங்குளம் கல்வெட்டுக் குகைகள் உள்ள மலை மீனாட்சிபுரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2024 நவம்பரில், அவ்விடங்களையும் கிடாரிப்பட்டியையும் உள்ளடக்கிய 2,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் தங்சுடன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்ததென்ற செய்தி வந்தது. ஊர்கள் எழுந்தன. டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் நடுவணரசு அந்த ஏலத்தை நீக்கியது.

அதன்பின் மாசி மாதத்தில் ஒருநாள் மீண்டும் கிடாரிப்பட்டி சென்றோம். முன்பு வழிகாட்டிய பெரியவர் காலமாகி ஆண்டுகள் பலவாகிவிட்டன. அவருடைய பேரன் நம்மோடு ஏறி வந்தார். சனவரியில் நடந்தவர்களுள் அவரும் ஒருவர். "தாத்தா இருந்திருந்தா அவரும் நடந்திருப்பாரு சாமி. பாண்டவங்க எடம்னு உசுர விடுவாரு" என்றார்.

குகையின் நெற்றியைக் காட்டி, மேலே உள்ள எழுத்துகளின் பெயர்களை அவருக்குச் சொன்னோம். உப்பு வணிகன் என்றதும் அவர் சற்று நேரம் பேசவில்லை.

"அப்ப நம்மள மாதிரி ஆளுகதானா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றோம். "உங்கள் தாத்தா சொன்ன கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதோடு இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

வாசக அன்பர்களே, நம் மறைமாவட்டப் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தொலைவிடங்களுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். ஒரு காலைப்பொழுதை நம் ஊர்க் குன்று ஒன்றுக்கு ஒதுக்கலாகாதா? சுண்ணாம்பும் கரித்துண்டும் கொண்டு பாறையில் தம் பெயரைக் கிறுக்கும் இளையோர், அங்கே முன்பே எழுதப்பட்டிருக்கும் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அவர்களின் கை சற்றே தயங்கும். செல்லும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னே நடக்கச் சொல்லுங்கள். வழி அவருக்குத்தான் தெரியும். குகையை அடைந்ததும் அவர் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள்.