வெள்ளியும் ஜும்ஆவும்

"வெள்ளி என்பது ஒரு கோள். கோளை வணங்கியோர் இட்ட பெயரால் ஜும்ஆ நாளை அழைக்கலாமா, சேர்?" என்று வரிப்பத்தான்சேனை மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையை நேயர்களுக்குச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

'கிழமை' என்பதன் பழம்பொருள் உரிமை. ஆறாம் வேற்றுமையை விளக்கத் தொல்காப்பியர் ஆளும் சொல் அது. அகப்பாட்டில் வரும் கிழவனும் கிழத்தியும் முதியோரல்லர், உரியோர். ஆக, வெள்ளிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. அந்த மீன் தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று சங்கப் புலவர் கருதினர். ஆனால் கோளை அறிவது வேறு, நாளுக்குக் கோளின் பெயரைச் சூட்டுவது வேறு. பின்னைய வழக்கம் கிரேக்கச் சோதிடரின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஏரண் தூணில் கி.பி. 484இல் பொறித்த கல்வெட்டு ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கிறது. இந்தியாவில் கிழமை கூறும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று.

உரோமர் வெள்ளியை வீனஸ் தேவியின் நாள் என்றனர். வட ஐரோப்பியர் வீனஸுக்கு ஈடாகத் தங்கள் ஃப்ரிக் தேவியை வைத்தனர். ஆங்கிலத்து 'ஃபிரைடே' அப்படிப் பிறந்தது. சிங்களத்தின் 'சிக்குராதா' சுக்கிரனின் நாள்.

அரபு இந்த வழியில் போகவில்லை. ஞாயிறை ஒன்றாம் நாளாகக் கொண்டு எண்ணத் தொடங்கி, ஐந்தாம் நாளாகிய வியாழனைக் 'கமீஸ்' என்கிறது. வெள்ளி வந்ததும் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. 'ஜும்ஆ' என்றால் ஒன்றுகூடல். நாமெல்லாம் அறிந்த 'ஜமாஅத்'தும் அதே வேரில் கிளைத்ததுதான். இஸ்லாத்துக்கு முன்னர் அந்நாளின் பெயர் 'அரூபா'. யூதரின் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையைக் குறிக்கும் அரமேயச் சொல்லுக்கு அது உறவு.

மாணவரின் ஐயமும் புதியதன்று. 6ஆம் நூற்றாண்டில் பிராகா நகர ஆயர் மார்ட்டின், கிறித்தவர் பழந்தெய்வங்களின் பெயரால் நாட்களை அழைப்பதைக் கண்டித்தார். போர்த்துக்கேயர் இன்றும் வெள்ளியை 'ஆறாம் நாள்' என்றே எண்ணிச் சொல்கின்றனர். மலாய்க்காரர் அரபுச் சொல்லையே ஏற்று 'ஜுமாத்' என்றனர். நம் கரையோர முஸ்லிம்களோ தொழுகைக்கு ஜும்ஆவையும் நாளுக்கு வெள்ளியையும் வைத்துக்கொண்டனர்.

அதில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. வீனஸ் ஒரு தேவி; சுக்கிரன் அசுரரின் குரு; வெள்ளிக்கோ வெண்மையைத் தவிர வேறு கதை பெயருக்குள் இல்லை. வெள் என்னும் அடியிலிருந்து வந்த தனித்தமிழ்ச் சொல் அது. எங்கள் பக்கத்துப் பேச்சில் வானத்து மீன்கள் எல்லாமே வெள்ளிதான். எவரையும் வணங்கச் சொல்லாத பெயரை எவரும் தயங்காமல் சொல்லலாம்.

புதனுக்கும் சனிக்கும் இந்த விடை பொருந்தாது. அவை வடமொழியிலிருந்து வந்தவை. அவற்றை அடுத்த உரையில் பார்ப்போம்.