ஐந்து பொற்காசு ரொம்பக் குறைவு! (பழைய வயலினும் அடிமாட்டு விலையும்)

இணையத்தில் பழைய கிடார், கீபோர்டு, வயலின் என்று எதையாவது விற்பனைக்குப் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் தவறாமல் கிடைத்திருக்கும். விளம்பரம் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "கடைசி விலை என்ன?" என்று ஒரு செய்தி வரும். 20,000 ரூபாய் என்று போட்டிருந்தால், "7,000 தரேன், இன்னைக்கே வந்து எடுத்துக்கறேன்" என்று இன்னொன்று வரும். உழைத்து ஓய்ந்த மாட்டைக் கறிக்குத் தள்ளிவிடும்போது கிடைக்கிற விலையைத்தான் அடிமாட்டு விலை என்பார்கள். அருமையாக வாசித்துக்கொண்டிருந்த கருவிக்கு அந்த விலையைக் கேட்டால் கோபம் வரத்தானே செய்யும்?

இது ஏதோ இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த வியாதி என்று நினைத்தால் தப்பு. இசைக்கருவி உலகின் மிகப்பெரிய பெயரோடு சம்பந்தப்பட்ட ஒரு அடிமாட்டு விலை 1776-இல், கடிதம் மூலமாகக் கேட்கப்பட்டது. கேட்டவர் ஒரு பிரபு. பதில் எழுதியவர் அன்டோனியோ ஸ்ட்ராடிவாரியின் மகன்!

ஸ்ட்ராடிவாரி வட இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் வயலின் செய்தவர். 1737-இல் இறந்தார். அவரோடு பட்டறையில் வேலை செய்த ஓமோபோனோ, ஃபிரான்செஸ்கோ என்ற இரண்டு மகன்களும் 1742, 1743 என்று அடுத்தடுத்து போய்விட்டார்கள். விற்காமல் மிச்சமிருந்த வயலின்கள், அச்சுகள், காகித வரைபடங்கள், உளி, இழைப்புளி எல்லாம் கடைசியில் பாவ்லோ என்ற இளைய மகனிடம் வந்து சேர்ந்தன. பாவ்லோவுக்கு வயலின் தொழில் கிடையாது. அவர் துணி வியாபாரி. அப்பாவின் பெட்டிகள் அவருக்கு வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய சாமான். வணிகவியல் பாஷையில் சொன்னால், டெட் ஸ்டாக்.

வாங்க வந்தவர் காஸாலே ஊரைச் சேர்ந்த கோசியோ டி சலாபுவே பிரபு. 1755-இல் பிறந்தவர்; அதாவது பேரம் பேசிய காலத்தில் வயது இருபது, இருபத்தொன்று! நம் ஊரில் டிகிரி கடைசி வருஷம் படிக்கிற வயது. அந்த வயதிலேயே வயலின் சேகரிப்பதில் பைத்தியமாக இருந்தார். குவாடாஞ்ஞினி என்ற பெரிய வயலின் கலைஞரை டூரினில் ஆதரித்து, அவர் செய்வதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். எது நல்ல வயலின் என்று பக்கத்திலேயே சொல்லித்தர ஆள் இருந்தது என்று அர்த்தம். 1775-இல் பாவ்லோவிடமிருந்து மிச்சமிருந்த வயலின்களை வாங்கினார். அடுத்த வருஷம் அச்சுகளையும் கருவிகளையும் கேட்டார். நேரில் பேசியது போக, இடையில் வியாபாரிகளை வைத்தும் பேரம் நடந்தது. (பிரபுவே வாசலில் வந்து நின்றால் விலை ஏறிவிடும் இல்லையா!)

கோசியோ சொன்ன விலை ஐந்து ஜிலியாட்டோ. லில்லிப் பூ பொறித்த தங்கக் காசு அது. ஒன்று ஏறத்தாழ மூன்றரை கிராம். ஐந்து காசு என்றால் நம் கணக்கில் இரண்டு பவுன் தங்கத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதுவும் வீட்டில் இருந்ததற்கு மட்டும் இல்லை. பெர்கோன்சி குடும்பத்துக்கு இரவல் கொடுத்திருந்த அச்சுகளையும் சேர்த்து!

பாவ்லோ எழுதிய பதில்தான் சுவாரஸ்யம். ஐந்து என்பது ரொம்பக் குறைவு என்று முதலில் சொல்கிறார். ஆனாலும் பிரபுவின் மனம் கோணக்கூடாது, தன் அப்பாவின் பொருள் ஒன்றுகூடக் கிரெமோனாவில் மிஞ்சக்கூடாது, அதனால் ஆறு காசுக்குத் தருகிறேன் என்கிறார். பணத்தை உடனே ஒரு பட்டுக் காலுறை தயாரிக்கும் நிறுவனத்திடம் கட்டிவிட வேண்டும், அதன் பிறகுதான் சாமான் வரும் என்பது நிபந்தனை. அதாவது பணம் முதலில், பொருள் பிறகு. அந்த ஆறில் ஐந்தைத் தான் வைத்துக்கொண்டு, மீதி ஒரு காசைப் பெட்டிக்கும், கட்டி அனுப்புவதற்கும், சுங்கத்துக்கும் செலவழிப்பதாகவும் எழுதுகிறார்.

கணக்கைக் கவனித்தீர்களா? செலவு போகப் பாவ்லோ கைக்கு வந்தது ஐந்தே காசு. கோசியோ முதலில் சொன்ன அதே ஐந்து! பேரத்தில் பாவ்லோ ஜெயித்தது கூரியர் சார்ஜ் மட்டும்தான். இன்றைக்கும் "டெலிவரி செலவு நீங்க பார்த்துக்கோங்க" என்று முடிகிற பேரங்கள் எத்தனை!

பாவ்லோ ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. துணிக்கடைக்காரர், பேரம் அவருக்குப் புதிது இல்லை. முன்பணம், போக்குவரத்து எல்லாம் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு விஷயத்தில் கோட்டை விட்டார். முதலாவது, வாங்க ஆர்வமாக நின்றவர் ஒரே ஒருவர். அவரை விட்டால் அடுத்து யார் என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டாவது, எல்லாம் ஊரைவிட்டுப் போனால் சரி என்று தன் அவசரத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைய விளம்பரத்தில் "வெளிநாடு போகிறேன், அவசர விற்பனை" என்று எழுதுவது போலத்தான் இது. அதைப் படித்தபின் யார் முழு விலை கொடுப்பார்கள்? அந்த வருஷமே பாவ்லோ இறந்தும் போனார். மிச்சக் கொடுக்கல் வாங்கலை அவர் மகன் முடித்தார்.

குறைத்துக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை. பொருளின் உண்மையான நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் குறைத்துத்தான் கேட்பார் என்று ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதினார். 2001-இல் நோபல் பரிசும் வந்தது. பழைய வயலினுக்கும் இது பொருந்தும். உள்ளே விரிசல் இருக்கிறதா, கழுத்து மாற்றியதா என்று போட்டோவைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? ஆனால் கிரெமோனாவில் நடந்தது இதற்குத் தலைகீழ். அங்கே வாங்கியவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது, விற்றவருக்குத் தெரியவில்லை.

இந்தத் தலைகீழ் வியாபாரத்தையே பிழைப்பாகச் செய்தவர் லூயிஜி தாரிசியோ. இத்தாலியக் கிராமங்களில் அலைந்து, பரணில் கிடந்த பழைய வயலின்களைச் சொற்ப விலைக்கு வாங்குவார். சில இடங்களில் புது வயலின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வார். 1827-இல் ஒரு மூட்டையோடு பாரிஸ் போனார். அழுக்குச் சட்டை, தேய்ந்த பூட்ஸ் என்று வந்து நின்றவரைப் பார்த்து ஆல்ட்ரிக் என்ற வியாபாரி வயலினுக்கு இல்லாமல் சட்டைக்கு விலை போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அடுத்த முறை தாரிசியோ நல்ல உடுப்பில், வண்டியில் போய் இறங்கினாராம். கையில் இருந்ததில் சுமாரானதைத்தான் முதலில் காட்டினார் என்றும் சொல்வார்கள். கதையில் எவ்வளவு ஜிகினா இருந்தாலும், விற்பவரின் அவசரம் முகத்தில் தெரிந்தால் விலை விழும் என்பது அவருக்கு ஒரே பயணத்தில் புரிந்திருக்கிறது.

கோசியோவின் சேகரிப்பிலிருந்து 1716-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி ஒன்றும் தாரிசியோவிடம் வந்தது. பாரிஸில் அதைப் பற்றிப் பேசுவாரே தவிர, கண்ணில் காட்டவே மாட்டார். எப்போதும் வருகிறது வருகிறது என்று சொல்லி வராத வயலின், அதனால் பெயர் 'மெசையா'. 1854-இல் தாரிசியோ மிலானில் இறந்தார். செய்தி கேட்டதும் பாரிஸ் வியாபாரி வியூயோம் இத்தாலிக்கு விரைந்தார். உறவினர்களிடமிருந்து ஏறத்தாழ 150 கருவிகளைச் சுமார் 80,000 பிராங்குக்கு வாங்கினார். அதில் இருபதுக்கும் மேற்பட்டவை ஸ்ட்ராடிவாரி! கிராமத்து ஜனங்களிடம் தாரிசியோ செய்ததை, தாரிசியோவின் சொந்தக்காரர்களிடம் வியூயோம் செய்தார். 1890-இல் மெசையா ஒன்று மட்டும் 2,000 பவுண்டுக்குக் கைமாறியது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

பேச்சு மறுபடி இணையத்துக்கு வருகிறது, அதுவும் அதே பெயரில். 1999-இல் இசைக்கருவிகளை இணையத்திலேயே ஏலம் விடும் நிறுவனம் ஒன்று தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் தாரிசியோ! 2011 ஜூனில் அங்கே 'லேடி பிளன்ட்' என்ற 1721-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி ஏலத்துக்கு வந்தது. ஜப்பானிய இசை அறக்கட்டளை ஒன்று அந்த வருஷத்து பூகம்ப நிவாரணத்துக்காக விற்றது. போன விலை 98 லட்சம் பவுண்டு. பாவ்லோவுக்குக் கிடைக்காத ஒன்று அந்த விற்பனையாளருக்குக் கிடைத்தது: ஒருவர் கேட்ட விலையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து காசு என்று ஒருவர் கேட்டால் ஐந்தரை என்று அடுத்தவர் கேட்பார்.

ஆனால் சாதாரண ஆள் தன் பழைய கிடாரை அப்படி ஏலம் விட முடியாது. ஈபே 2005-இல் 'பெஸ்ட் ஆஃபர்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. வாங்குபவர் தனியாக ஒரு விலை சொல்லலாம், விற்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், எதிர் விலை சொல்லலாம். யோசித்துப் பார்த்தால் இது பாவ்லோ–கோசியோ கடிதப் போக்குவரத்தேதான், வேகம் மட்டும் அதிகம். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். இந்த விலைக்குக் கீழே வருவதைத் தானாகவே தள்ளிவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அடிமாட்டு விலை விற்பவர் கண்ணிலேயே படாது, கோபமும் மிச்சம்.

ஈபே தரவை வைத்து 2019-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. 100 டாலரின் முழு மடங்காக விலை போட்ட பொருள்களுக்கு, அதை ஒட்டிய சில்லறை விலை போட்டவற்றைவிட 5 முதல் 8 சதவீதம் குறைத்துக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி 6 முதல் 11 நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது, விற்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. முழு எண் போட்டவர் சீக்கிரம் விற்க நினைக்கிறார் என்று வாங்குபவர் புரிந்துகொள்கிறார். அவசரமில்லாதவர் 20,000 என்று போடாமல் 20,650 என்று போடலாம். பேரமே வராது என்று அர்த்தமில்லை, பேரம் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

பாவ்லோவின் பெட்டி என்ன ஆயிற்று? கோசியோ 1840-இல் இறந்த பிறகும் அச்சுகளும் வரைபடங்களும் பரம்பரையாகவே காக்கப்பட்டன. 1920-இல் அதை வைத்திருந்த பிரபு குடும்பத்துப் பெண்மணியிடமிருந்து ஜுசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கலைஞர் வாங்கினார். விலை 1,00,000 லிரா. பத்து வருஷம் கழித்து, 1930-இல், அவர் அதை ஒரு ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். எந்த ஊரில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று பாவ்லோ எழுதினாரோ, அதே கிரெமோனாவுக்கு. 2013-இல் அங்கே திறந்த வயலின் மியூசியத்தில், டிக்கெட் வாங்கினால், அந்த ஆறு காசுச் சாமானைப் பார்க்கலாம்.