அம்பேத்கர்: ஒரு சிற்றூரின் பெயர் நம் பிள்ளைகளின் பெயரான வரலாறு

பாபாசாகேப் அம்பேத்கரின் சொந்தப் பெயர் ‘அம்பேத்கர்’ அல்ல. இதைச் சொன்னால் நம் தோழர்களில் பலர் வியப்படைகிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் பீவா. அதுதான் பிறகு பீமராவ் ஆனது. ராம்ஜி என்பது தந்தையின் பெயர். அம்பேத்கர் என்பது குடும்பப்பெயர். மகாராஷ்டிரத்தில் முதலில் தன் பெயர், அடுத்து தந்தை பெயர், கடைசியில் குடும்பப்பெயர் என்று எழுதுவார்கள். இனிஷியலோடு பழகிய நமக்குக் குடும்பப்பெயர் என்பதே அந்நியமான வழக்கம். அதனால்தான் கடைசிப் பெயரையே அவருடைய பெயராக எடுத்துக்கொண்டோம். பிறகு அதை நம் பிள்ளைகளுக்கும் வைத்தோம்.

மகாராஷ்டிரத்தில் அரிதான ஒரு குடும்பப்பெயர், தமிழ்நாட்டின் சேரிகளில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக மாறியிருக்கிறது. அங்கே சாதியைச் சொல்லாத பெயராகத் தொடங்கியது, இங்கே பள்ளி வருகைப் பதிவேட்டில் வாசித்த உடனே “காலனிப் பையன்” என்று அடையாளம் காட்டும் பெயராகிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், பெயரும் சாதியும் எப்படி வேலை செய்கின்றன என்பது புரியும்.

முதலில் சொல்லின் பொருள். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டம், மண்டண்கட் தாலுகாவில் ஆம்படவே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அண்ணலின் முன்னோர் ஊர் அதுதான். மராத்தியில் ஊர்ப்பெயரோடு ‘கர்’ என்ற விகுதி சேர்ந்தால் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். நாம் பேச்சில் ‘பாலக்கோட்டுக்காரர்’, ‘அரூர்க்காரர்’ என்று சொல்வதைப் போல. இந்த விகுதியை எந்தச் சாதியினரும் வைத்துக்கொள்ளலாம். கோவாவின் மங்கேஷி ஊரிலிருந்து வந்த தீனாநாத் தன் பெயரோடு மங்கேஷ்கர் என்று சேர்த்துக்கொண்டார். அவர் மகள்தான் லதா மங்கேஷ்கர். ‘கர்’ ஊரைச் சொல்லும், சாதியைச் சொல்லாது.

சாதியைச் சொல்லும் விகுதி வேறு இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகாவ் போரில் இறந்த வீரர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. மகர் சாதி ஆண்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு அது. ராணுவப் பட்டியலில் பெயரைப் படித்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அண்ணலின் குடும்பமும் ராணுவக் குடும்பம்தான். தாத்தா மாலோஜி படையில் இருந்தவர். தந்தை ராம்ஜி சுபேதாராகவும் ராணுவப் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். குடும்பத்தின் பழைய பெயர் சக்பால். மராத்தா சாதியினரிடமும் உள்ள பெயர்தான் அது.

பள்ளியில் சேர்த்தபோது இந்தச் சக்பாலுக்குப் பதிலாக ஊர்ப்பெயர் வந்தது. 1900 நவம்பர் 7 அன்று சாதாரா அரசுப் பள்ளியின் பதிவேட்டில் ‘பீவா ராம்ஜி அம்பேத்கர்’ என்ற பெயர் ஏறியது. அந்த நாளை மகாராஷ்டிர அரசு 2017 முதல் மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. இந்த நவம்பர் 7 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரிக்கும் அந்தத் தேதிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

ஊர்ப்பெயர் முதலில் ‘ஆம்பவடேகர்’ என்றுதான் இருந்தது, அம்பேத்கர் என்ற குடும்பப்பெயர் கொண்ட பார்ப்பன ஆசிரியர் ஒருவர் அன்பினால் தன் பெயரையே பதிவேட்டில் எழுதிவிட்டார் என்று தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பதிவேட்டைக் காட்டி இதை மறுப்பவர்களும் உண்டு. இந்தச் சண்டை இணையத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடும். “பார்ப்பனர் கொடுத்த பெயர்தானே” என்று ஒரு தரப்பு கிண்டல் செய்யும். அவர்களுக்கு ஒரே பதில் போதும். கடைசித் திருத்தத்தை யார் செய்திருந்தாலும், சக்பாலை விட்டு ஊர்ப்பெயருக்கு வந்தது குடும்பத்தின் முடிவு. ஆசிரியர் ஒருவர் பெயர் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே பள்ளியில்தான் அந்தப் பையன் வகுப்புக்குள் தனியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் உட்கார்ந்தான். தாகம் எடுத்தால் குழாயைத் திறந்துவிடப் பியூன் வர வேண்டும். சாதி சொல்லாத பெயர் கிடைத்ததால் தண்ணீர் கிடைத்துவிடவில்லை.

இந்தக் குடும்பப்பெயர் ஏன் அரிதாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். சக்பால் கிளையின் மற்ற குடும்பங்கள் பழைய பெயரோடு இருக்க, ராம்ஜியின் வீட்டுக்கு மட்டும் புதுப்பெயர் வந்தது. அண்ணலின் பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்து வளர்ந்தார். மற்ற நால்வரும் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். யஷ்வந்த்தின் பிள்ளைகளான பிரகாஷ் அம்பேத்கர் முதலானோர் வழியாகவும், உறவுக் கிளைகள் வழியாகவும்தான் இப்பெயர் அங்கே குடும்பப்பெயராகத் தொடர்கிறது. மகாராஷ்டிரத்தில் பல லட்சம் பேர் அண்ணலோடு பௌத்தம் தழுவினார்கள், ஆனால் அவரவர் குடும்பப்பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே மக்கள் வாயில் நின்றது அவருடைய சொந்தப் பெயர்தான். ‘ஜெய் பீம்’ என்பதில் இருப்பது பீம், அம்பேத்கர் அல்ல.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே சாதிப் பட்டங்களைத் துறப்பது பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடக்கூடாது என்று தீர்மானித்தது. பெரிய காரியம்தான். ஆனால் துறப்பதற்கு முதலில் பட்டம் இருக்க வேண்டும். நம் தாத்தாக்களுக்குப் பட்டமே இல்லை. அவர்களுடைய சாதிப்பெயர் பெயருக்குப் பின்னால் மரியாதையாக வரவில்லை, பெயருக்கு முன்னால் வசவாக வந்தது. நல்ல பெயர் வைத்தாலும் ஊர்த்தெருவில் அதைச் சுருக்கி, ‘டேய்’ சேர்த்துக் கூப்பிட்டார்கள். ‘சாமி’ என்று முடியும் பெயர்கள் ஆண்டைகளின் வாயில் பாதியாக வெட்டுப்பட்டன. வயதில் சிறியவன் நம் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் தருமபுரிப் பக்கத்தில் இன்னும் முழுதாகச் சாகவில்லை.

இதற்கு எதிராக நம் முன்னோடிகள் இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று, இழிவாகச் சொன்ன பெயரையே தலைநிமிர்த்திச் சொல்வது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். (இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் தந்தை பெயரை முன்னால் வைத்த சீனிவாசனும் ஊர்ப்பெயரைப் பின்னால் வைத்த பீமராவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.) இன்னொன்று, புதிய பெயரைச் சட்டமாக்குவது. எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் வாதாடி, 1922இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வழிசெய்தார்.

இந்த இரண்டு வழிகளின் தடமும் மக்கள்தொகைக் கணக்கில் பதிந்திருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் என்று பதிந்தவர்கள் சுமார் 54 லட்சம் பேர். பறையர் என்று பதிந்தவர்கள் சுமார் 18.6 லட்சம். பெரும்பாலும் ஒரே மக்கள்தான் இரண்டு பெயர்களில் நிற்கிறார்கள். சக்கிலியர் சுமார் 7.77 லட்சம், அருந்ததியர் சுமார் 7.72 லட்சம். இங்கேயும் பழைய பெயரும் புதிய பெயரும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஒரு பெயரை மாற்றிச் சான்றிதழில் ஏற்ற எத்தனை தலைமுறை ஆகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பெயர் மாற்றத்தைப் பற்றி அண்ணலே கூர்மையாக எழுதியிருக்கிறார். ‘இந்துக்களிடமிருந்து விலகி’ என்ற கட்டுரையில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: பெயர் முக்கியமானது. ஆனால் சொக்கமேளா என்றாலும் ஆதி திராவிடர் என்றாலும் கேட்பவன் விடமாட்டான். “அப்படியென்றால் யார்?” என்று அடுத்தடுத்துத் துருவி, கடைசியில் தீண்டத்தகாதவர் என்ற பதிலைப் பிடுங்கிய பிறகே ஓய்வான். தருமபுரியில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று மூன்றாவது கேள்வியை வீசும்போது நமக்கு இது புரியும்.

அண்ணல் எழுதியது அவருடைய பெயருக்கே பலித்ததுதான் கொடுமை. நூற்றாண்டை ஒட்டி 1990இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. அதே காலத்தில் தமிழகத் தலித் இயக்கங்கள் எழுந்தன. நம் வீடுகளில் அம்பேத்கர், அம்பேத்ராஜ், அம்பேத்குமார், பீமாராவ் என்று பிள்ளைகள் பிறந்தார்கள். வந்தவாசித் தொகுதியில் 2016இலும் 2021இலும் வென்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயர் அம்பேத்குமார். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் படித்தவர்கள் மட்டுமல்லர். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பெங்களூருக்கும் வீட்டுக்கும் அலைந்த தகப்பன்கள்தான் அதிகம். சட்டம் எழுதியவரின் பெயரைத் தன் மகனை அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஊரே சொல்ல வேண்டும் என்ற ஆசை அது. டேய் போட்டுக் கூப்பிட்டாலும் ‘அம்பேத்கர்’ என்று முழுதாகச் சொல்லித்தானே ஆக வேண்டும்!

இனிஷியல் வழக்கத்தில் இது இன்னும் ஒரு படி போகிறது. அம்பேத்கர் என்ற அந்தப் பையன் தகப்பனானால் அவன் மகளுக்கு இனிஷியல் ‘அ.’ பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர் கட்டத்தில் தந்தை பெயரை விரித்து எழுதுவது நம்மவர் வழக்கம். ஆம்படவே என்ற ஊரையே பார்த்திராத ஒரு தருமபுரிப் பெண்ணின் குடும்பப்பெயர் அப்போது அம்பேத்கர் ஆகிவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் ஒரே வீட்டில் நின்ற பெயர் தமிழ்நாட்டில் பல ஆயிரம் வீடுகளின் பெயராகப் புதிதாகப் பிறக்கிறது. தோழர் திருமாவளவன் தன் தந்தை ராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றி, ‘தொல்.’ என்று இனிஷியலையே திருத்திக்கொண்டதையும் இங்கே நினைக்கலாம். அமெரிக்காவில் மால்கம், அடிமை முதலாளிகள் வழி வந்த ‘லிட்டில்’ என்ற குடும்பப்பெயரை வீசிவிட்டு எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். பறிகொடுத்த ஆப்பிரிக்கப் பெயருக்கான அடையாளம் அந்த எக்ஸ்.

ஆனால் இந்தப் பெயரைப் பொறுக்காதவர்களும் இருக்கிறார்கள். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் தீர்மானம் போட்டார்கள். தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பெயர் வந்தது 1994 ஜனவரி 14 அன்றுதான். 2022 மே மாதம் ஆந்திராவில் கோனசீமா மாவட்டத்தோடு அம்பேத்கர் பெயரைச் சேர்க்கும் அறிவிப்புக்காக அமலாபுரத்தில் ஓர் அமைச்சரின் வீடும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வீடும் கொளுத்தப்பட்டன. நம் பக்கத்திலேயே 1989இல் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் உருவானது. அன்றைய தருமபுரி மாவட்டத்தின் எல்லையில் இருந்த மாவட்டம் அது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் எடுத்துவிட்டது. தலித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏற மனமில்லாதவர்களுக்காக, பெயரே இல்லாத பேருந்து விடப்பட்டது.

இப்போது நவம்பர் 7. சாதாராவில் பீவாவின் பெயர் பதிவேட்டில் ஏறிய அதே தேதியில், 2012ஆம் ஆண்டு, தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. நகையும் பணமும் போயின. குடும்ப அட்டைகளும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் கருகின. ஒருவர் பெயரை அரசு ஏட்டில் உறுதிப்படுத்தும் காகிதங்கள் அவை. இரண்டும் ஒரே தேதியில் நடந்தது தற்செயல். ஆனால் இரண்டிலும் பணயத்தில் இருந்தது ஒன்றுதான்: நம் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் நிற்குமா, நிற்காதா என்பது.

சாதி ஒரு பெயருக்குள் இல்லை. பெயரை வாசிப்பவரிடம் இருக்கிறது. ஊரைச் சொன்ன ஒரு சொல்லைச் சாதியாக வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாளை நாம் வைக்கும் எந்தப் புதுப்பெயரையும் அப்படியே வாசிப்பார்கள். எனவே “அந்தப் பெயர் வேண்டாம், வேலை கிடைக்காது” என்று பயந்து மாற்றுவது தீர்வாகாது. மாற்ற வேண்டியது வாசிப்பவர்களை.

அதுவரை நாம் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. நான் களப்பணி செய்யும் காலனிகளில் ஒரே பையனின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கிறது. அம்பேத்கர், அம்பேத்கார், அம்பேத் என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் அதைவிட அதிகம். உதவித்தொகை நிற்பதற்கு அந்த ஓர் எழுத்து போதும். தோழர்களே, உங்கள் தெருவில் இந்தப் பெயர் கொண்ட பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பதிவுக்கு முன்பே திருத்திக் கொடுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல், சுருக்காமல், முழுப்பெயராக அது ஏறட்டும். பெயரின் கதையையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஜெய் பீம்!